ஓரக்கோடு இல்லாத தாள்

வெள்ளைத்தாள் கேட்டேன், கோடு போட்ட தாள் கொடுத்தீர்கள். பரவாயில்லை, இன்ஸ்பெக்டர் சார். ஸ்டேஷனில் இருப்பதைத்தானே கொடுக்க முடியும். ஆனால் இடது பக்கத்தில் ஓரக்கோடுகூட அச்சடிக்காமல் தாள் விற்கிற காலமாகிவிட்டது பாருங்கள், அதுதான் வருத்தம். எங்கள் காலேஜில் ரெக்கார்டு நோட்டில் ஓரக்கோட்டைத் தாண்டி ஓர் எழுத்து போனால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்வார்கள். இங்கே கோடு இல்லாததால் விளிம்பிலிருந்தே எழுதிக்கொண்டு வருகிறேன். நான் சொல்லச் சொல்ல உங்கள் கான்ஸ்டபிள் எழுதட்டும் என்றீர்கள். வேண்டாம். பினால்ப்தலீன் என்ற சொல்லை அவர் எப்படி எழுதுவார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தப்பும் என் பெயரில்தான் வந்து விழும். என் வேலையில் தப்பு செய்தவன் என்று பட்டறையில் சொன்னதால்தான் நான் கிளம்பி இங்கே வந்திருக்கிறேன்.

என் பெயர் குருசாமி. அருள்புரத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சாயப்பட்டறையில், அது வெறும் ஓட்டு ஷெட்டாக இருந்த நாளிலிருந்து லேப் கெமிஸ்ட். முதலாளி ஆத்தப்பன் தன் தோட்டத்தை ஒட்டிக் கட்டிய பட்டறை. அவர் அதிகம் படிக்காதவர், ஆனால் படித்தவனுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒரு சொட்டு ஆசிட் போவதற்கு முன்னால் “குருசாமி சொல்லிப்போட்டாராப்பா?” என்று கேட்பார். இப்போது அவர் நடமாட்டம் வீட்டோடு நின்றுவிட்டது. பட்டறையை மகன் அருண்குமார் பார்க்கிறான். பார்க்கிறார் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியது எழுதியதுதான், அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது.

இந்த விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் வேதியியல் தெரிய வேண்டும். பயப்பட வேண்டாம், பிளஸ் டூ அளவுதான். சாயம் போட்டு வெளியே வரும் தண்ணீரில் சோடா ஆஷ் நிறைய இருக்கும். அது காரம். அப்படியே விட்டால், அடுத்த தொட்டியில் அழுக்கைத் தின்பதற்காக நாங்கள் வளர்க்கும் கிருமிகள் செத்துப்போகும். அதனால் ஆசிட் ஊற்றிக் காரத்தைக் குறைக்கிறோம். எவ்வளவு ஊற்றுவது என்பதுதான் என் வேலை. தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் லேபுக்கு வரும். அதை வடிகட்டி, நல்ல தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து, கூம்புக் குடுவையில் ஊற்றி, நிறங்காட்டி இரண்டு சொட்டு விடுவேன். மேலே பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்குவேன். நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்திக் கணக்குப் போட்டால், முழுத் தொட்டிக்கும் எவ்வளவு ஆசிட் என்று தெரிந்துவிடும். இதற்குத்தான் தரம் பார்ப்பது என்று பெயர். அதைப் பிளாண்ட் ஆபரேட்டருக்குப் போனில் சொல்வேன். அவன் ஊற்றுவான். தொட்டியில் மாட்டியிருந்த மீட்டர் சாயம் படிந்து எப்போதோ செத்துவிட்டது. புதிது வாங்க அருண்குமாருக்கு மனசு வரவில்லை. ஆகவே அந்தத் தொட்டிக்குக் கண் என்று ஒன்று இருந்ததென்றால் அது நான்தான்.

எந்த நிறங்காட்டி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சோடா ஆஷுக்கு எதிராக வீரியமான ஆசிட்டை வைத்துத் தரம் பார்த்தால் மெத்தில் ஆரஞ்சு போட வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பிளஸ் டூ பையனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். புத்தகம் சொல்வது சரிதான். மெத்தில் ஆரஞ்சு, காரம் மொத்தமும் தீர்ந்து தண்ணீர் அமிலமாக ஆரம்பித்த பிறகுதான் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும். பினால்ப்தலீன் அப்படி இல்லை. அது பாதி வழியிலேயே, பி.எச். எட்டைத் தாண்டி நிற்கும்போதே, தன் ரோஸ் நிறத்தை விட்டுவிட்டு வெறும் தண்ணீர்போல ஆகிவிடும். புத்தகத்துக்கு வேண்டியது முழுக் கணக்கு. எங்களுக்கு வேண்டியது எங்கே நிறுத்துவது என்பது. இந்த வித்தியாசம் தெரியாதவனைக் கெமிஸ்ட் என்று சொல்லக்கூடாது.

எங்கள் பட்டறையில் கறுப்பு ஓடும். மலிவான பனியன் துணிக்கான கறுப்பு, கந்தகச் சாயம். அந்தத் தண்ணீர் எட்டுக்குக் கீழே இறங்கினால் அழுகின முட்டை வாடை வரும். இன்னும் இறங்கினால் வாடை நின்றுவிடும். வாயு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு மரத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தது மூச்சு. அதனால்தான் தொட்டி கட்டிய நாளிலேயே, புத்தகம் என்ன சொன்னாலும் இங்கே பினால்ப்தலீன்தான் என்று முடிவு செய்தேன். “எட்டுக்குக் கீழே இறக்காதே, ஆள் போகும்” என்று தொட்டிச் சுவரில் சிவப்புப் பெயின்டில் என் கையாலேயே எழுதியும் வைத்தேன். போய்ப் பாருங்கள், இன்னும் இருக்கும். புதிதாக வருகிற ஆபரேட்டர் ஒவ்வொருவரையும் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி வாய்விட்டுப் படிக்க வைப்பேன். செல்வக்குமாரையும் படிக்க வைத்தேன்.

செல்வக்குமார் என்பது செத்துப்போன அந்த ஆபரேட்டர். அவன் அம்மா சென்னம்மாள் எங்கள் பட்டறையிலேயே துணி மடிக்கிற செக்‌ஷனில் இருக்கிறாள். அப்பா இல்லாத பையன். சுறுசுறுப்பானவன், அதை நான் மறுக்க மாட்டேன். வாய் மட்டும் சும்மா இருக்காது.

அவன்தான் முதலில் ஆரம்பித்தது. லேபிலிருந்து சொல்கிற ஆசிட் கொஞ்ச நாளாகவே பத்தவில்லை, தொட்டி காரமாகவே நிற்கிறது, அடுத்த தொட்டியில் நுரை தள்ளுகிறது என்று அருண்குமாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. ஸ்டோரிலிருந்து பி.எச். பார்க்கிற காகித ஸ்ட்ரிப் வாங்கி, நான் கணக்குச் சொன்ன தொட்டியில் முக்கி, அதைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். காகிதத்தை வைத்துக் கெமிஸ்டுக்குப் பரீட்சை. எலி வளையானாலும் தனி வளை என்று என் லேபில் இருந்தவனை வெளியே இழுத்தது அந்தக் காகிதத் துண்டுதான்.

மறுநாள் அருண்குமார் லேபுக்கு வந்தார். கூடவே கீதாஞ்சலி. அந்தப் பெண் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்திருந்தாள். நான் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஸ் போய்விட்டது, பியூரெட்டை மூடினேன். கீதாஞ்சலி குடுவையை எடுத்து வெள்ளை டைல் மேல் வைத்தாள். குனிந்து பார்த்தாள். “சார், இன்னும் லேசா ரோஸ் இருக்குதுங்களே,” என்றாள். பிறகு என்னைக் கேட்காமலே பியூரெட்டைத் திறந்து இன்னும் கொஞ்சம் இறக்கினாள். கொஞ்சம் அல்ல, நிறையவே இறக்கினாள். “இப்பப் போயிருச்சுங்க.”

குடுவையில் நிறம் ஒன்றும் இல்லை. முன்பும் இல்லை, பின்பும் இல்லை. வெறும் தண்ணீரில் ரோஸ் இருக்கிறது என்று ஒரு பெண் சொல்கிறாள், முதலாளி மகன் தலையாட்டுகிறார். அந்த அறையில் கண் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? அருண்குமார் என் தோளில் கை வைத்தார். அவர் கை வைக்கிற வயதா என் தோள்? “யானைக்கும் அடி சறுக்குமுங்க. இத்தன வருசம் பார்த்தாச்சு, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க,” என்றார்.

தரம் பார்க்கிற வேலை கீதாஞ்சலிக்குப் போனது. என்னைக் கெமிக்கல் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். டிரம்மை எண்ணுவது, சாவியை வைத்திருப்பது, கேட்டவர்களுக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பது. அவள் லீவு போட்டால் மட்டும் லேபைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் பெண்பிள்ளை, தனக்குத் தோன்றியதை மரியாதையாகச் சொன்னாள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். நான் பொறுமைசாலி, பட்டறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பொறுக்க முடியாதது டீக்கடையில் நடந்தது. பட்டறைக்கு எதிரில் ராமாத்தாள் கடை. ஷிஃப்ட் மாறுகிற நேரம், நிற்க இடமில்லை. செல்வக்குமார் இரண்டு கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். ஒன்று பால். இன்னொன்றில் ரோஸ் மில்க்குக்கு ஊற்றுகிற எசன்ஸைப் பாலில் துளி விட்டிருந்தானாம். “சார், இதுல எது ரோஸ் மில்க்குங்க? சொன்னீங்கன்னா ரெண்டும் உங்களுக்குத்தானுங்க,” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ராமாத்தாளும் சிரித்தாள். மடிக்கிற செக்‌ஷன் பெண்கள் சிரித்தார்கள். வட நாட்டுப் பையன்களுக்கு யாரோ இந்தியில் சொல்ல, ஒரு நிமிஷம் கழித்து அவர்களும் சிரித்தார்கள். என்னைப் போன்ற ஒரு கெமிஸ்ட் அப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்வது முறையல்ல. இரண்டு டம்ளரையும் பார்த்தேன். இரண்டும் பால். அவன் எசன்ஸே விடவில்லை, என்னை ஏமாற்றுவதற்காக விட்டதாகச் சொன்னான் என்பதுதான் என் கணிப்பு. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

கோபம் வந்தால் மனிதன் கத்துவான், கையை ஓங்குவான் என்று நினைக்கிறீர்கள். உங்கள் ஸ்டேஷனுக்கு அப்படிப்பட்டவர்கள்தான் வருவார்கள். என் கோபம் அப்படி இல்லை. நான் வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், படுத்தேன். மறுநாள் ஸ்டோரைத் திறந்தேன். எல்லோரிடமும் சாதாரணமாகப் பேசினேன். செல்வக்குமார் ஆசிட் கேன் எடுக்க வந்தால் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் முகத்தில் அந்த இரண்டு டம்ளரும் தெரிந்தன. என் தொழிலைச் சந்தி சிரிக்க வைத்தவன் தினமும் என் முன்னால் வந்து “சார், சாவி கொடுங்க” என்று நின்றான். எனக்கு எரிந்தது. இத்தனை நாள் கழித்து எழுதும்போதும் எரிகிறது.

கீதாஞ்சலி தாராபுரத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு லீவு கேட்டாள். அன்றைக்குப் பட்டறையில் என்ன நிறம் ஓடுகிறது என்று புரொடக்‌ஷன் போர்டில் பார்த்தேன். கறுப்பு. “லேபை நான் பார்த்துக்கறேன் கண்ணு, நல்லபடியாப் போயிட்டு வா,” என்றேன். அவள் சந்தோஷமாகப் போனாள். வருத்தத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

அன்று காலையில் என் வண்டியைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வழக்கமாகத் தொட்டி ஓரத்து வேப்பமர நிழலில் நிறுத்துவேன். அந்த வாடை சீட் கவரில் ஏறினால் லேசில் போகாது. ஸ்டோரில் இருந்த ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்து என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். செல்வக்குமார் வந்து கேட்டபோது தீர்ந்துவிட்டது, நாளைக்கு வரும் என்றேன். அவன் சரி என்று தண்ணீர் சாம்பிளை லேபில் வைத்துவிட்டுப் போனான்.

லேபில் இரண்டு பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பினால்ப்தலீன், மெத்தில் ஆரஞ்சு. நான் மெத்தில் ஆரஞ்சை எடுத்தேன். யோசித்துத்தான் எடுத்தேன். ஒன்று சொல்ல வேண்டும், மெத்தில் ஆரஞ்சு நல்ல நிறங்காட்டி. மஞ்சள் மஞ்சளாக இருக்கும், சிவப்பு சிவப்பாக இருக்கும். இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியதில்லை. அவ்வளவு சுத்தமாக ஒரு முடிவுநிலையைப் பார்த்து எனக்கு நெடுநாள் ஆகியிருந்தது. கணக்குப் போட்டேன். வழக்கமாக ஊற்றுவதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. வரும் என்று தெரியும்.

பிளாண்டுக்குப் போன் போட்டு அளவைச் சொன்னேன். செல்வக்குமார் குறித்துக்கொண்டான். பிறகு, “சார், கீதாஞ்சலி சொல்றதுக்கு இது டபுளா வருதுங்களே?” என்றான்.

“சோடா ஆஷ் லோடு அதிகம். கணக்குப் பார்த்துத்தான் சொல்றேன்.”

“சரிங்க சார். நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்.” போனை வைக்கப் போகிறான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “சார், அன்னைக்குக் கடையில வெளையாட்டாப் பேசிப்போட்டனுங்க. அம்மாகூட ஏசுச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

இன்ஸ்பெக்டர் சார், இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். போன் என் கையில் இருந்தது. அவன் தொட்டி ஷெட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான். ரோட்டில் போகிறவர்களுக்கு வாடை போகக்கூடாது என்று மூன்று பக்கமும் தகரம் அடைத்த ஷெட் அது. காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் எரிந்துபோய்க் கிடந்தது. ஆசிட் ஊற்றிய பிறகு ஆபரேட்டர் தொட்டிக்கு மேல் குனிந்து கிளறிவிட்டு, சாம்பிள் எடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும், நான் வகுத்த முறைதான். “இரு, இன்னொரு தடவை பார்த்துச் சொல்றேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான், “அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஊத்து கண்ணு,” என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பியூரெட்டைக் கழுவினேன். ஆசிட்டை உள்ளே விட்டு வைத்தால் திருகு பிடித்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் அலசித் தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டினேன். குடுவையைக் கழுவினேன். டைலைத் துடைத்தேன். அப்போதுதான் பிளாண்ட் பக்கமிருந்து யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் ஓடவில்லை. ஓடி என்ன ஆகப்போகிறது? ஓடிப் போனவன் ஒருவன்தான், வட நாட்டுப் பையன். மயங்கித் தொட்டிக்குள் விழுந்த செல்வக்குமாரைத் தூக்குவதற்கு உள்ளே இறங்கினான். அவனும் திரும்பி வரவில்லை. அவன் பெயர் உங்கள் ஃபைலில் இருக்கும். எனக்குத் தெரியாது. அவனை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவன் தானாகப் போனவன்.

விசாரணைக்கு வந்த தொழிற்சாலை ஆய்வு அதிகாரி நல்ல மனிதர்தான். லேபில் உட்கார்ந்து என்னிடம் பேசினார். எந்த நிறங்காட்டி போட்டீர்கள் என்று கேட்டார். மெத்தில் ஆரஞ்சு என்றேன். ஏன் என்றார். சோடா ஆஷுக்கு எதிராக வீரியமான ஆசிட், பாடப்புத்தகத்தைப் பாருங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலில் எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், பல நாள் நிம்மதியாகத்தான் தூங்கினேன்.

பிறகு அருண்குமார் எல்லோரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். சென்னம்மாள், அவளுடைய சொந்தக்காரர்கள், கீதாஞ்சலி, நான். அதிகாரி என்ன முடிவுக்கு வந்திருக்கிறார் என்பதை அருண்குமார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பெரியவருக்கு, அதாவது எனக்கு, கண் பார்வை குறைந்துவிட்டதாம். ரோஸ் நிறம் தெரியாமல் போனதால், கண்ணுக்குத் தெரிகிற நிறங்காட்டியை எடுத்துப் போட்டுவிட்டாராம். அதில் எங்கே நிறுத்த வேண்டும் என்ற ஞாபகம் தப்பிவிட்டதாம். வயதான மனிதர் தெரியாமல் செய்த பிழை, விபத்து, யார்மேலும் குற்றமில்லை. கீதாஞ்சலி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். அன்றைக்கு லீவு போட்டிருக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

இரண்டு டம்ளர் பாலுக்குச் சிரித்தவர்கள் இப்போது அரசாங்க முத்திரையோடு சிரிக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே குறையில்லாத தரம் பார்த்தல் அது. நிறங்காட்டியைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை, நிறுத்திய இடத்தில் தப்பில்லை, கணக்கில் தப்பில்லை. அதைப் பிழை என்கிறார்கள். ஞாபகம் தப்பியதாம். எனக்கு ரத்தம் கொதித்தது, ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். அப்போதுகூட இங்கே வந்திருக்க மாட்டேன்.

சென்னம்மாள் எழுந்து என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மடிக்கிற செக்‌ஷன்காரியின் கை, பஞ்சு ஒட்டியிருந்தது.

“உடுங்க சாமி. கண்ணு தெரியாத மனுசன் நீங்க என்ன பண்ணுவீங்க? எம் பையன் உங்களக் கேலி பண்ணினான்னு எனக்கு அப்பவே மனசு கேக்கலீங்க. பல்லடத்துல கண்ணு முகாம் போடறாங்களாமா. போய்ப் பாருங்க சாமி. தொணைக்கு ஆளில்லைன்னா நானே கூட்டீட்டுப் போறனுங்க.”

என்னை முகாமுக்குக் கூட்டிப் போவாளாம். அவள் பையனை நான் கொன்றிருக்கிறேன், அவள் எனக்குக் கண் பரிசோதனைக்குத் துணைக்கு வருகிறாளாம். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? ரோட்டைக் கடக்கத் தெரியாமல் நிற்கிற கிழவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கையை உருவிக்கொண்டு வெளியே வந்தேன். நேராக ஸ்டேஷனுக்கு பஸ் ஏறினேன்.

நீங்களும் முதலில் நம்பவில்லை. கேஸை மூடியாகிவிட்டது, பெரியவரே, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்றீர்கள். டிராயரில் பூட்டிய ஸ்ட்ரிப் டப்பாவைப் பற்றிச் சொன்ன பிறகுதான் உட்காரச் சொன்னீர்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. சாவி இதோடு சேர்த்துத் தருகிறேன். கேட் பக்கம் நிறுத்திய வண்டியை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். சுவரில் இருப்பது என் கையெழுத்து. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், குடிக்கிறேன். ஆனால் தெரியாமல் தின்றான் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். செல்வக்குமாரை நான் தெரிந்தே கொன்றேன். வாடை வந்து வாந்தி எடுப்பான், அவமானப்படுவான், அவ்வளவுதான் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது உண்மை இல்லை. ஆள் போகும் என்று சுவரில் எழுதியவனுக்கு ஆள் போகும் என்று தெரியாதா? பொருத்தமான நிறங்காட்டி எது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்தத் திருப்பூர் வட்டாரத்தில் கிடையாது. நான் செய்ய நினைத்த காரியத்துக்குப் பொருத்தமானதை எடுத்தேன். சென்னம்மாளிடம் இதை யாராவது படித்துக் காட்டுங்கள். அவள் என்னை மன்னித்ததை நான் ஏற்கவில்லை. கண் தெரியாதவனுக்குக் கொடுத்த மன்னிப்பு எனக்கு எதற்கு?

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று. நான் எழுதி முடித்த தாள்களை உங்கள் கான்ஸ்டபிள் அனிதா ஒவ்வொன்றாக வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார். சின்னப் பெண். கடைசித் தாளைக் கொடுத்தபோது தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். “சார், எல்லாத் தாள்லயும் எடது பக்கம் ரோஸ் கலர்ல ஓரக்கோடு இருக்குதுங்க. நீங்க அது மேலயே எழுதீட்டு வந்திருக்கீங்க.”

தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ராவும் பகலும் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் என்னத்துக்கு ஆகும்? அந்தப் பெண்ணிடம் கோபப்படவில்லை. பல்லடத்தில் கண் முகாம் போடுகிறார்களாம், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.